மரத்தின் மேல் பழி வேண்டாம்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை. ஒரு காகிதத்தை மடித்துச் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். இதுவரை யாரும் சொல்லவில்லையா? சொல்லியிருக்க மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் வந்து உட்காருகிறவர்களுக்கு வேறு கவலை இருக்கும்.

நான் வந்தது உங்கள் அறிக்கையைத் திருத்துவதற்காக. ‘மரத்தில் இருந்த குறைபாட்டால் வில் முறிந்து ஏற்பட்ட விபத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மரத்தில் ஒரு குறையும் இல்லை. ரேகை நேராக ஓடும், நிழலில் நிதானமாகக் காய்ந்த மரம். அது வாய் திறந்து மறுக்காது என்று அதன் தலையில் கட்டிவிட்டீர்கள். இதை எழுதியவர் தன் மேசையைத் தவிர வேறு மரத்தைத் தொட்டிருக்க மாட்டார்.

என் வேலை இதுதான். பழைய முறை வில்லில் யாருடைய அம்பு அதிக தூரம் போகிறது என்று பார்க்கும் போட்டிகளில், எந்த வில் எந்தப் பிரிவில் சேரும் என்று தீர்மானிப்பது நான். குறி பார்த்து அடிப்பதெல்லாம் கிடையாது, தூரம் மட்டும்தான். ஒரே மரத்தில் செதுக்கிய வில் ஒரு பிரிவு. கொம்பும் நரம்பும் வைத்து ஒட்டியது இன்னொரு பிரிவு. கேட்க எளிதாக இருக்கும். வருகிறவர்களைப் பார்த்தால்தான் என் பாடு தெரியும். பல் டாக்டர் ஒருவர் கண்ணாடி இழையின் மேல் மரப்பட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து, “எங்க தாத்தா வில்லுங்க” என்றார். தாத்தாவின் பசை இன்னும் காயாமல் என் விரலில் ஒட்டியது.

ஒற்றை மரப் பிரிவில் சாதனைத் தூரம் என்னுடையது. பல வருடங்களாக என்னுடையது. இதை நானாகச் சொல்லிக்கொள்வதில்லை.

என் தங்கை டவுன் பஸ் ஓட்டுகிறாள். ஸ்டியரிங் வளர்த்த தோள்கள். அவள் சிரித்தால் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும். ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், “அக்கா, நானும் ஒண்ணு விட்டுப் பாக்கவா?” என்றாள். ஆரம்பம் அதுதான். பிறகு என் கொட்டகையில், என் உளியால், தனக்கென்று ஒரு வில்லைச் செதுக்கிக்கொண்டாள். பிஸ்கட் தின்ற கையோடு நாணை இழுப்பாள். அம்பு எங்கே விழுந்தது என்று போய்ப் பார்க்கவும் அவசரப்பட மாட்டாள். போன வருடம் பயிற்சியில் அவள் அம்பு என் தூரத்தைத் தாண்டி விழுந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “காத்து தள்ளிடுச்சு போலக்கா” என்றாள். காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமைப்பட அங்கே என்ன இருக்கிறது? முரட்டுத் தோள், அவ்வளவுதான். அவளைப் போன்றவர்கள் விளையாட்டாக வந்து தாண்டிவிட்டுப் போவதற்கா நாங்கள் பிரிவு பிரித்து வைத்திருக்கிறோம்?

அம்புக்குக் குறைந்தபட்சக் கனம் என்று ஒரு விதி இருந்தது. அம்பு லேசாக இருந்தால் தூரம் போகும். ஆனால் வில்லின் வேகம் முழுவதையும் அது வாங்கிக்கொள்ளாது. மிச்சம் வில்லுக்கே திரும்பி அதை முறிக்கப் பார்க்கும். அதற்காகத்தான் அந்த வரம்பு. ஒற்றை மரப் பிரிவுக்கு அது வேண்டாம் என்று இந்த வருடம் நான்தான் கமிட்டியில் சொன்னேன். “நம்ம முன்னோர் தராசைத் தூக்கிட்டா வில்லு விட்டாங்க?” என்று கேட்டேன். கை தட்டினார்கள். அந்த வரம்பு எதற்கு இருந்தது என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. வழிமொழிந்தவர் பல் டாக்டர்.

மற்றவர்கள் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பார்கள். என் தங்கை துரும்பாகும்வரை சீவுவாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதையும் அளவோடு நிறுத்தத் தெரியாது. அவள் அப்படித்தான் செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

போட்டியன்று காலை அவள் வில் என் மேசைக்கு வந்தது. மேல்தண்டின் உட்புறத்தில் நகத்தை ஓட்டினேன். மயிரிழை அளவுக்கு ஒரு மடிப்பு. நார் நசுங்கினால் அப்படித்தான் வரும். அப்படிப்பட்ட வில்லை ஓரமாக எடுத்து வைத்துவிட வேண்டும். நான் தகுதி அட்டையைக் கட்டினேன்.

“அக்கா, அம்பு ரொம்ப லேசா இருக்கோ? என்னமோ பயமா இருக்கு. கனமானதும் ஒண்ணு வச்சிருக்கேன்” என்றாள்.

“விதியில இடம் இருக்கு.”

“விதி கிடக்கட்டும். நீ என்ன சொல்ற?”

“தாராளமா விடுடி” என்றேன்.

கனமான அம்பை என் மேசையிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

மேல்தண்டு முறிந்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை. துண்டு திரும்பி அவள் இடது கண்ணில் பாய்ந்தது. எல்லாரும் அவளிடம் ஓடினார்கள். நான் அம்பைத் தேடிப் போனேன். என் தூரத்தைத் தாண்டி, நன்றாகவே தாண்டி, மண்ணில் நின்றுகொண்டிருந்தது. வில் முறிந்தால் அந்த அம்பு கணக்கில் சேராது. யாராவது விவரம் தெரியாமல் அளந்துவிடப் போகிறார்களே என்று பிடுங்கி எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவள் கணவர் என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். கட்டுப் போட்ட முகத்தோடு அவள்தான் தடுத்தாள். “அக்காவ ஒண்ணும் கேக்காதீங்க. வில்லுல குறை ஏதாவது அவ கண்ணுல பட்டிருந்தா என்னை விட்டிருக்கவே மாட்டா.”

நல்ல மனசு என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மடிப்பு என் நகத்துக்குத் தப்பிவிட்டதாம். இத்தனை வருடம் வில் பார்த்தவளைப் பற்றி, கூடப் பிறந்தவளே இப்படிப் பேசினால், ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

அந்த மடிப்பு எப்படி வந்தது என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? நகத்தை எங்கே ஓட்ட வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். போட்டிக்கு முந்தைய வாரம் அந்த வில் என் கொட்டகையில் இருந்தது. இழுத்துப் பார்க்கிற சட்டத்தில் மாட்டி, அது தாங்கக்கூடிய அளவைத் தாண்டி இழுத்துக் கட்டினேன். அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். திரும்பி வந்து விளக்கொளியில் பார்த்தபோது மடிப்பு விழுந்திருந்தது. அவிழ்த்து, எண்ணெய் தடவி, துடைத்து வைத்தேன். நான் செய்ததுதான். தெரிந்தே செய்தேன். மரம் நல்ல மரம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு இனி பஸ் கிடையாது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு லைசென்ஸ் தர மாட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாளே என்று எனக்கும் கவலை இல்லாமல் இல்லை. ஒரு கண் பார்வை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு பிரிவு வைக்கச் சொல்லி நேற்றே கமிட்டிக்கு எழுதிவிட்டேன். அதில் அவள்தான் முதலிடம். அவளை யாரும் தாண்ட முடியாது. தங்கச்சிக்கு இதைக்கூடச் செய்யாத அக்காவா நான்?