என் பேச்சை நிறுத்திய பொடிசு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே, இந்தப் பயிற்சி இல்லத்தைத் தொடங்கித் தன் தலைமுடி நரைக்கும்வரை தாங்கி நிற்கும் எங்கள் தெரபி டீச்சர் அவர்களே, முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி வீற்றிருக்கும் பெரியோர்களே, மடியில் ஒரு பிள்ளையும் மனத்தில் ஓராயிரம் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே (ஆம் ஐயா, உங்களையும்தான்), நாற்காலிகளுக்கு நடுவே நழுவி ஓடிக்கொண்டிருக்கும் என் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

என்னம்மா, சத்தம் அதிகமா? தம்பி, ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள். இந்த மன்றத்தில் முதல் மரியாதை குழந்தைகளின் காதுகளுக்குத்தான்.

குழந்தைகளைப் பேச வைப்பது எப்படி என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பேசுவது எப்படி என்று கேட்டிருந்தால் விடிய விடிய முழங்குவேன்; அதுதானே என் பிழைப்பு. பேச வைப்பது எப்படி என்றால், நான் என் கண்ணால் கண்ட ஒன்றைத்தான் சொல்ல முடியும்.  அதையும் மெல்லத்தான் சொல்வேன்.

என் தங்கையின் கணவர் மைக்செட் வைத்திருந்தார். மைத்துனன் நான் மேடையிலே முழங்குவேன். மாப்பிள்ளை அவர் அதை நாலு தெருவுக்கும் பெருக்குவார். என்ன பொருத்தம் பாருங்கள். அவர் வீட்டுக் கூடத்தில் குழாய் ஒலிபெருக்கிகள் குவிந்து கிடக்கும். கட்டிலுக்கடியில் ஒயர்ச் சுருள்கள். ஆண்டுக்கணக்கில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று நின்று அவருக்குக் காது மந்தம். அதனால் அவர் கத்துவார். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று தங்கை கத்துவாள். அவர்களுக்கு நடுவே நான் போனால், என்னைப் பற்றி நானே என்ன சொல்ல!

அத்தனை பேச்சு புழங்கிய அந்த வீட்டில் ஒரு பெண்குழந்தை. நாங்கள் பொடிசு என்று அழைப்போம். நாலு வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை. அம்மா என்றும் இல்லை, அப்பா என்றும் இல்லை. அடுக்களைப் பக்கம் வந்து நிற்பாள். உடனே ஒருத்தர் தண்ணீர் கொடுப்பார், ஒருத்தர் பிஸ்கட்டை நீட்டுவார், ஒருத்தர் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். அவளுக்கு வேண்டியது என்னவென்று கேட்கக்கூட எங்களில் ஒருவருக்கும் பொறுமை கிடையாது. பதிலையும் நாங்களே சொல்லிக்கொள்வோம். சத்தம் எல்லை மீறிப்போனால் அவள் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். வளையல் போட வேண்டிய இடத்தில் பல் தடம். அந்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்து என் தங்கை பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அதே பாட்டைப் பட்டுக்கொண்டிருப்பவர்கள்.

அப்போது இந்த இல்லத்துக்கு இவ்வளவு பெரிய கட்டடம் ஏது? ஒரு தையல்கடைக்கு மேலே இரண்டே அறை. படியேறினால் மெஷின் எண்ணெய் வாசனை. துணி வெட்டுகள் காலைச் சுற்றும். உள்ளே ஒரு ரப்பர் பாய், குட்டை மேசை, சுவரோடு ஒரு கண்ணாடி. அதற்கு முன்னால் நம் டீச்சர், கறுகறுவென்ற பின்னலோடு. சிரிக்காதீர்கள், அப்படித்தான் இருந்தார்கள்.

முதல் நாள் டீச்சர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "பொண்ணுக்கு என்ன பிடிக்கும்?" நானும் தங்கையும் முந்திக்கொண்டு பதில் சொன்னோம். பொம்மை என்றேன் நான், பலூன் என்றாள் தங்கை. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளைதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: சின்ன ஸ்பீக்கரில் மெதுவாகச் சத்தம் விட்டுச் சோதிக்கும்போது பொடிசு ஓடிவந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாளாம். அந்த அதிர்வு அவளுக்குப் பிடிக்குமாம். மறுநாளே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார்.

அதன்பிறகு அங்கே நடந்ததைப் பயிற்சி என்பதா, பொறுமை என்பதா? டீச்சர் ஸ்பீக்கரைப் போடுவார். பொடிசு கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். டீச்சர் ஸ்பீக்கரைச் சட்டென்று அணைத்துவிட்டுக் காத்திருப்பார். அவள் கையைப் பிடித்து இழுத்தால் அசைய மாட்டார். "போடு" என்று ஒரே ஒரு முறை தெளிவாகச் சொல்வார். பின் மறுபடி காத்திருப்பார். குழந்தை உதட்டைக் குவித்தால் போதும், உடனே போடுவார். அடுத்த வாரம் உதடு மட்டும் போதாது, சிறு ஒலியாவது வர வேண்டும். கேட்டால் கிடைக்கும் என்பது அவள் மனத்தில் படிய வேண்டும் என்பார். கேட்காமலே எல்லாம் கிடைக்கிற வீட்டில் எதற்காக ஒரு பிள்ளை வாயைத் திறக்க வேண்டும் என்றும் கேட்பார். அந்த அமைதியைத் தாங்க மாட்டாமல் ஒருநாள் நான், "சொல்லு கண்ணு, போடுன்னு சொல்லு" என்று இடையில் புகுந்துவிட்டேன். டீச்சர் என்னைப் படிக்கட்டில் போய் உட்காரச் சொன்னார். எத்தனையோ மேடை கண்டவன் நான். அன்றுமுதல் என் மேடை அந்தப் படிக்கட்டு. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒருநாள் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. "போடு." கீழே தையல் மெஷின்களெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அந்த ஒரு சொல்தான் கேட்டது.

அடுத்து டீச்சர் கற்பித்தது இன்னும் பெரியது. சத்தம் தாங்காதபோது மணிக்கட்டைக் கடிப்பதற்குப் பதிலாக உள்ளங்கையை உயர்த்தி "போதும்" என்று சொல்ல வேண்டும். அதையும் கற்றாள், ஆனால் அந்த அறைக்குள் மட்டும். படியிறங்கியதும் பழைய கதை. டீச்சர் மாப்பிள்ளையைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"வெளியில ஒருநாள் அவ போதும்னு சொல்லுவா சார். அந்த நொடியே நிறுத்திடணும். எந்த இடமா இருந்தாலும், யார் இருந்தாலும். அன்னைக்கு நீங்க கேக்காம விட்டா, பேசி ஒண்ணும் ஆகாதுன்னு முடிவு பண்ணிடுவா. மறுபடி கையைத்தான் கடிப்பா."

அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு என்ன விலை என்று அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்?

வணிகர் சங்க ஆண்டுவிழா வந்தது. மாப்பிள்ளையின் ஒலி, அடியேனின் உரை. விழா நன்றாக அமைந்தால் சங்கத்தின் ஆண்டு முழுவதற்குமான வேலையும் அவருக்கே என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று பார்த்துத் தங்கைக்குக் காய்ச்சல். பிள்ளையை விட ஆளில்லை. பொடிசை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். எடுத்த எடுப்பிலேயே உச்சம். அரங்கம் அதிர்கிறது, கைத்தட்டல் குமுறுகிறது, அடுத்த அடுக்குமொழியை நான் வாயில் வைத்திருக்கிறேன். திடீரென்று மைக் செத்துவிட்டது. மின்வெட்டு என்று நினைத்தேன். மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. என் குரல் மட்டும் மூன்றாவது வரிசைக்கு அப்பால் போகவில்லை. திரும்பிப் பார்த்தேன். மிக்சர் ஓரத்தில் ஒரு சின்ன உள்ளங்கை உயர்ந்திருந்தது.

சங்கத் தலைவர் மேடையைவிட்டு இறங்கி விரைந்தார். என்னய்யா பண்றே, போடு என்று சீறினார். மாப்பிள்ளை எழுந்து நின்று கைகூப்பினார்.

"என் பொண்ணு போதும்னு சொல்லிட்டாங்க ஐயா."

"சின்னப் புள்ள சொன்னா நிறுத்திடுவியா?"

"பொறந்ததுலேர்ந்து அவ என்கிட்ட எதுவும் சொன்னதில்லைங்க. இன்னைக்குத்தான் சொல்லியிருக்கா. இதை நான் கேக்கலேன்னா, இனிமே எதையுமே சொல்ல மாட்டாங்க."

தலைவர் முகம் சிவந்து திரும்பினார். ஆண்டு வேலை வேறொருவருக்குப் போயிற்று; அதை மறைத்து உங்களை மகிழ்விக்க நான் விரும்பவில்லை. மாப்பிள்ளை சுவிட்சைத் தொடவில்லை. அரங்கம் முணுமுணுத்தது, பிறகு அடங்கியது. நான் மேடையில் நின்றபடி அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நின்றுபோன அந்த ஒலியைப் பார்ப்பவள்போல் சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் சொல்லுக்கு ஓர் அரங்கமே கட்டுப்பட்டதை அந்தக் குழந்தை கண்டுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா... போடு."

போடு என்பது டீச்சர் கற்றுக்கொடுத்தது. அப்பா என்று அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? எவரும் இல்லை, என் தாய்மார்களே, எவரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டே எந்த ஒயர் எதில் சேரும் என்று சொல்லக்கூடிய அந்த மனிதர், எதிரே இருந்த சுவிட்ச் தெரியாமல் தடுமாறினார். அவள்தான் அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

பேசு பேசு என்று பிள்ளையைக் கெஞ்சும் பெற்றோரே, அவர்கள் கையை உயர்த்தும்போது நாம் நிறுத்துகிறோமா? வேண்டாம் என்று தலையைத் திருப்பும்போது கேட்கிறோமா? கேட்காத காதுக்கு எந்தக் குழந்தை பேசும்? அன்று பாதியில் நின்ற என் உரையின் மீதி என்னவென்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கும் அது மறந்துவிட்டது. நான் பேசாமல் நின்ற அந்தச் சிறு பொழுதைத்தான் என் வாழ்நாளின் சிறந்த சொற்பொழிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கேட்காமல் ஓடி விளையாடிய என் செல்வங்களுக்கும் நன்றி. டீச்சர் அம்மா, அன்று என்னைப் படிக்கட்டுக்கு அனுப்பினீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. வணக்கம்.