கண்டிப்புக்காரி அடாவுக்கு ஓர் ஓட்டு

எங்கள் நிறுவனத்தின் முதலாளியாகவும் இந்த மாலையின் நடுவராகவும் வீற்றிருக்கும் அம்மா அவர்களே, கணக்குப் பிரிவின் கறாரான பெரியவர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எனக்கு முன் பேசிக் கைதட்டலையெல்லாம் அள்ளிக்கொண்டு போன எதிரணித் தலைவரும் வீட்டில் என் கணவருமானவரே, அவரைப் பெற்றவரும், போன மாத அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறி நலமாய் வந்திருப்பவருமான என் அத்தையே, எல்லோரையும் வணங்குகிறேன்.

நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாய் அனுப்பும் நம் பம்பை இயக்குவது அடா என்னும் கணினி மொழி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊரே எழுதும் புது மொழிக்கு மாறலாமா? வாதம் முடிந்ததும் அம்மா தீர்ப்புச் சொல்வார், நாளையே அதன்படி வேலை தொடங்கும். நான் சோதனைப் பிரிவு. குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவள். ஆகவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மாட்டேன்.

அடா தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார் என்றார் எதிரணித் தலைவர். உண்மை. போன முறை ஆள் தேடியபோது வந்தவர் ஒரே ஒருவர். "அடா தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். "தெரியாது மேடம், ஆனா கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். அதையே பெருந்தகுதியாகக் கருதிச் சேர்த்துக்கொண்டோம். அதோ, பின்வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான்.

வளவளவென்று எழுதவைக்கும் மொழி என்றார். ஒப்புக்கொள்கிறேன். புது மொழியில் ஒரு வரியில் முடிவது, அடாவில் அரைப் பக்கம். ஆனால் சுருக்கத்தின் சுகத்தைச் சொல்பவர் யார்? ஒரு கோப்பைத் தேநீர் கேட்பதற்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை சொல்பவர். என்ன அத்தை, நீங்களே தலையை ஆட்டுகிறீர்கள்? பிள்ளையைச் சபையில் விட்டுக்கொடுக்கலாமா?

எடுத்துப் பொருத்த ஆயத்தமாக எதுவும் அதிகம் கிடைக்காது என்றார். அதுவும் மெய்யே. திரையில் ஒரு வரைபடம் காட்ட நாங்கள் பட்டது நாய் படாத பாடு.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் கண்டிப்பாம். நாம் எழுதியதைப் படித்து, இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றித் தருவது கம்பைலர். அடாவின் கம்பைலர் லேசில் மசியாது. இது மில்லிகிராம், அது மில்லிலிட்டர் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு இரண்டையும் கூட்டினால், முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும். "ரெண்டும் நம்பர்தானே, கூட்டினா என்னவாம்?" என்று என் கணவர் ஒரு பிற்பகல் முழுக்க அதனோடு மல்லுக்கு நின்றார். என் அத்தையிடம் போய், ரெண்டும் வெள்ளைதானே என்று உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டிப் பாருங்கள், தெரியும் சேதி. கோபிக்காதீர்கள் அத்தை, புகழ்ந்துதான் சொல்கிறேன்.

அப்படியானால் அடாவில் தவறே நேராதா? நேரும். ஐந்து என்று எழுத வேண்டிய இடத்தில் ஆறு என்று எழுதினால் சமர்த்தாய் வாங்கிக்கொள்ளும். வகை மாறினால் தடுக்கும், நம் புத்தி மாறினால் தடுக்காது. அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறீர்கள்.

இனி ஒரு சம்பவம். எதிரணித் தலைவர் முகம் மாறுகிறது பாருங்கள். அத்தை படுத்திருந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்கெல்லாம் நம் பழைய பம்ப். இவர் குழு புது மொழியில் எழுதிய பம்ப் ஒன்றும் அங்கே இருந்தது. செவிலியர்கள் தண்ணீர் ஊற்றிப் பழகுவதற்காகக் கொடுத்தது. இரண்டுக்கும் ஒரே வெள்ளை உறை. அத்தை கண்மூடிக் கிடக்கிறார். கட்டிலருகே மருந்து சொட்டுகிறது. இவர் பம்பைப் பார்த்தார். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, எனக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில், செவிலியரிடம் மெல்லக் கேட்டார்.

"சிஸ்டர், இது பழைய பம்ப்தானே?"

"பழசுதான் சார். ஏன், புதுசு வேணுமா?"

"ஐயோ, வேணாம் சிஸ்டர். இதுவே இருக்கட்டும்."

திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் குறட்டை.

புது பம்பை எழுதிய கை யாருடையது? புதுமையைப் புகழ்ந்த வாய் யாருடையது? அந்த வாய், தாயின் கட்டிலருகே கேட்டது எதை?

சிரியுங்கள், ஆனால் அவரைக் குறைத்து எண்ணாதீர்கள். அவர் நல்ல பொறியாளர். தான் எழுதியதில் என்னவெல்லாம் தவறியிருக்கலாம் என்று அறிந்தவர். அதனால்தான் பயந்தார். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது. பெற்ற தாய் என்றதும் ஆள் கிடைக்குமா என்று கேட்டாரா? வரி நீளுமே என்று வருந்தினாரா? நம் ஒவ்வொரு பம்பின் பக்கத்திலும் யாரோ ஒருவருடைய தாய் படுத்திருக்கிறார். அவருடைய பிள்ளைக்கு, இது எந்த பம்ப் என்று கேட்கக்கூடத் தெரியாது.

ஆள் இல்லையா, கற்றுக்கொடுப்போம். வரி நீளுமா, எழுதுவோம். வரைபடம் வராதா, இன்னொரு முறை பாடுபடுவோம்.

நடுவர் அவர்களே, என் கணவர் இன்று அடாவுக்கு எதிராகப் பேசினார். ஓட்டை மட்டும் போன மாதமே அடாவுக்குப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். தீர்ப்பில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், சற்று நேரத்தில் என்னோடு ஒரே வண்டியில் வீடு திரும்ப வேண்டியவருக்கும் என் நன்றி, வணக்கம்.