பதினேழாம் கிணற்றின் மூன்று புள்ளிகள்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வயது ஐம்பத்திரண்டு, படிப்பு எம்.எஸ்சி. கணிதம், இருப்பு சங்கரன்கோவில், வேலை ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். பெயரைப் பிறகு பார்க்கலாம். கேட்டு எழுத ஆளில்லாததால் நானே எழுதுகிறேன்.

நாற்பது ஆழ்குழாய்க் கிணறுகளின் ஃபுளோரைடு அளவை மாதந்தோறும் படமாக்குவது என் பொறுப்பு. க்னூபிளாட் என்ற வரைபட மென்பொருளுக்குக் கட்டளைகளை வரிவரியாகக் கொடுக்க வேண்டும் என்பதால், அவற்றைத் தானே அனுப்பி நாற்பது படங்களையும் வாங்கிவிடும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதினேன். எல்லாப் படமும் ஒரே அளவில் இருக்க, உயரம் பூஜ்யம் முதல் ஒன்றரை வரை என்று ஒரு வரி சேர்த்தேன். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்தான் குடிநீருக்கு உச்ச வரம்பு; அதற்கு மேல் போனால் பல்லும் எலும்பும் கெடும். அப்போது எந்தக் கிணறும் அதைத் தாண்டியதில்லை. அந்த வரி என்னுடையது, மறுக்கவில்லை.

அதன் பிறகு, மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கிணறு, எங்கள் பட்டியலில் பதினேழாம் எண், செப்டம்பரில் 1.7, அக்டோபரில் 1.9, நவம்பரில் 2.2 காட்டியது. எல்லைக்கு மேலே போகும் புள்ளியை மென்பொருள் வரையாது, பிழை என்றும் சொல்லாது. படத்தில் ஆகஸ்டோடு புள்ளிகள் நின்றுபோயின. நவம்பரில்தான் கவனித்தேன்.

உடனே எங்கள் கூடத்தின் உரிமையாளர் பாண்டியராஜனிடம் சொன்னேன். அந்தப் பள்ளிக்குச் சுத்திகரிப்புக் கருவி மாட்டிக்கொடுத்ததும் அவர்தான்; நாங்கள் மாதிரி எடுப்பது அந்தக் கருவி வழியாக வரும் குழாயில்.

"படம் அழகாத்தான இருக்கு அண்ணாச்சி. புள்ளி இல்லேன்னா அந்த மாசம் தண்ணி எடுக்கலன்னு நினைச்சிக்கிடுவாங்க. வாத்தியார் புத்தியக் காட்டாதயும் வே."

அதன் பிறகு நான் எல்லையை மூன்றாக்கினேன். மறுநாள் அது ஒன்றரைக்கே திரும்பியிருந்தது. நிரலின் தலையில் இருந்த என் பெயர் போய் அவர் பெயர் வந்திருந்தது. அந்த ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்பார். ஆத்திரம் உண்மைதான். அதனால் 2.2 குறைந்துவிடாது.

அதன் பிறகு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை ஞானபூரணம் எங்கள் படத்தைக் கண்ணாடி போட்டுக் குழாய்க்கு மேலே மாட்டியிருந்தார். "நம்ம தண்ணி சுத்தம்னு படமே வரைஞ்சு தந்திருக்காங்க, பாத்தீங்களா சார்? குடிச்சுப் பாருங்க" என்று டம்ளரை நீட்டினார். வெயிலில் வந்ததற்குத் தாகமாகத்தான் இருந்தது. பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். இது நடந்து பதினோரு நாள் ஆகிறது.

இதில் நான் கூட்டியதோ குறைத்ததோ எதுவும் இல்லை. மூன்று மாத எண்களையும் இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டால், இவன் யார், இவனுக்கு என்ன பகை என்று விசாரணை என்னோடு முடிந்துவிடும். போடாவிட்டால் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்ப்பதைத் தவிர ஆட்சியர் அலுவலகத்துக்கு வேறு வழி இருக்காது. பெயர் எழுதியிருந்த அடிப்பகுதியைக் கிழித்துவிட்டேன். இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.