ஃபிரிட்ஜ் பார்த்த சம்பந்தம்

மட்டாஞ்சேரி ஜெட்டியில் எறணாகுளம் படகுக்கு வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"மாப்பிள்ளைய இன்னும் பாக்கலக்கா, துபாய்ல இருக்காரு. அவங்க வீட்டு ஃபிரிட்ஜைப் பாத்தாச்சு."

"எப்படி?"

"நல்ல உயரம். கதவத் திறந்தா தானா லைட் எரியுது. எம் மோளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"அப்ப முடிச்சிட வேண்டியதுதானே?"

"எங்க முடிக்கிறது? மாப்பிள்ளையோட தங்கச்சிக்குக் கல்யாணமாச்சு. ஃபிரிட்ஜ் சீரா அவகூட பள்ளுருத்திக்குப் போயிடுச்சு."

அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ பாவம். இனி?"

"தங்கச்சி புருஷனுக்கு ஒரு தம்பி இருக்காராம், அதே வீட்ல. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க."

"அவருக்கு என்ன வேலை?"

"அது கேக்கலக்கா. அந்தப் பக்கம் கரண்டு அடிக்கடி போகுமான்னு கேட்டோம்."