குழியைச் சுற்றி அடித்த கும்மி

விமானம் வருகிறது. மூன்று. சத்தம் முதலில் வண்டு போல. பிறகு மாவு மில் ஓடுவது போல. பிறகு காதே இல்லை.

"படுங்க! மூங்கில்கிட்டப் போகாதீங்க! படுங்க!"

கத்துவது என் வீட்டுக்காரர். நான் மண்ணில் குப்புற விழுகிறேன். குண்டு ஆற்றுப் பாலத்துக்கு என்று போட்டது. விழுந்தது கூலிக் கொட்டகையிலும். போட்டவன் வெள்ளைக்காரன். எங்களை அடைத்து வைத்திருந்தவன் ஜப்பான்காரன். நடுவில் நாங்கள்.

அது சயாம் காடு. 1945. ரயில் பாதை வேலைக்கு மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து எங்களை லாரியில் அள்ளிக்கொண்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஊர் மோகனூர்ப் பக்கம். கிணறு வற்றிய வருடம் கப்பல் ஏறினோம். யாரிடமும் கை நீட்டப் போகவில்லை. உழைக்கப் போனோம்.

ஆடி மாதம் பாலம் வேலையை நிறுத்தினார்கள். கொட்டகைகளைச் சுற்றிக் குழி வெட்டச் சொன்னார்கள். நீளமான குழி. இரண்டு ஆள் ஆழம். எதற்கு என்று சொல்லவில்லை. மண்ணை வெளிப்பக்கம் மேடாகக் கொட்டினோம். மேட்டின் மேல் பெரிய துப்பாக்கிகள் வைத்தார்கள். துப்பாக்கியின் வாய் காட்டைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தது. அப்போது புரிந்தது.

மண்வெட்டி எனக்குப் புதிதில்லை. ஊரில் கிணறு வெட்டும்போது ஈரம் தென்பட்டால் பொங்கல் வைப்போம். இங்கே ஈரம் கண்டதும் காலால் மண்ணைத் தள்ளி மறைத்தேன். ஆழம் வந்துவிட்டது. மெதுவாக வெட்டினால் அடி. வேகமாக வெட்டினால் சாவு கிட்டே வரும். நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவில் மண் அள்ளினேன்.

ஆவணி பிறந்திருந்தது. காலை. விசில் ஊதவில்லை. பூட்ஸ் சத்தம் இல்லை. காக்காய் மட்டும் கத்துகிறது. சிப்பாய்கள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் கங்காணி வேட்டி அவிழ ஓடி வருகிறார்.

"சண்டை முடிஞ்சுது! ஒரே குண்டு! ஊரே போச்சு!"

"எந்த ஊருங்க?"

"ஜப்பான்காரன் ஊரு! இன்னொரு குண்டுல இன்னொரு ஊரு!"

முதலில் கை தட்டியவள் நான்தான். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் வெட்டிய குழியைச் சுற்றியே கும்மி. ஊர் எரிந்தது என்று நானே அடி எடுத்துக் கொடுத்தேன். அழுதுகொண்டிருந்த ஒரு சிப்பாய் நிமிர்ந்து பார்த்தான். எங்கள் பாஷை அவனுக்குத் தெரியாது. கை தட்டுவது புரியும். அவன் ஊர் அதுதானா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஊர் வந்தோம். அதற்கடுத்த வருடம் மகன் குமரேசன் பிறந்தான்.

1974. வைகாசி. திருச்செங்கோடு. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். குமரேசன் போர்வெல் லாரியில் வேலை. நம் நாடும் அணுகுண்டு வெடித்துவிட்டது என்று ரேடியோ சொல்கிறது. பாலைவனத்தில், பூமிக்கு அடியில். லாரிப் பட்டறையில் லட்டு கொடுக்கிறார்கள். நானும் அங்கே நிற்கிறேன்.

"பூமிக்குள்ள ஓட்டை போட்டாங்களாமா. நம்மளக் கூப்பிட்டிருந்தா ஒரே பகல்ல எறக்கியிருப்பமுங்க," என்றான் போர்வெல் ஆள் ஒருவன்.

"நீ எறக்குனா தண்ணி வந்து குண்டு நனைஞ்சு போயிருக்கும், போடா."

சிரிப்பு. குமரேசன் என்னைக் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினான்.

"எங்கம்மாவக் கேளுங்க. அந்தக் குண்டு போடலீன்னா இவங்க குழிக்குள்ள. நான் ஏதுங்க? அம்மா, குண்டு போட்டது சரிதான்னு நீங்களே சொல்லுங்க."

"சொல்றதென்னுங்க ஆத்தா," என்றாள் லாரிக்காரர் சம்சாரம். "அன்னைக்கு அடிச்ச கும்மிய இன்னைக்கு ஒரு சுத்து அடிங்க. நாங்களும் வாரோம்."

எல்லார் கண்ணும் என் மேல். மகன் முகம் பூரித்து நிற்கிறது. சரி என்றால் எரிந்த ஊருக்கு நான் உடந்தை. தப்பு என்றால் என் பிள்ளை பிறந்ததே தப்பு. அந்தப் பட்டறையைச் சுற்றி முள்வேலி இல்லை. இருந்தும் வழி தெரியவில்லை.

"சாமி, நீ சொல்றது நெசந்தான்," என்றேன். "அது விழுந்ததுலதான் நான் பொழைச்சேன். அதனாலதான் என்னையக் கேக்காதே. பஞ்சாயத்துல ஆதாயம் பட்டவனச் சாட்சிக்கு நிறுத்துவீங்களா?"

குமரேசன் என் கையை விட்டான்.

"ஊருக்கு முன்னால என்னத் தலைகுனிய வெச்சுட்டீங்களேம்மா."

எட்டு நாள் என் கையால் சோறு வாங்கவில்லை. ஒன்பதாம் நாள் தட்டோடு வந்து உட்கார்ந்தான். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நானும்தான்.

இப்போது எனக்கு அறுபத்தைந்து. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அன்று வருத்தப்பட்டேன் என்று எழுதினால் பொய். சந்தோஷப்பட்டேன். அதே குழி, அதே காலை திரும்ப வந்தால் இந்தக் கை மறுபடி தட்டும். அதுதான் எனக்குப் பயம். குண்டு போட்டது சரியா என்று குழிக்குள் நிற்பவளிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

போனவர்களை எழுதுகிறேன்.

என் மாமியார் நல்லம்மாள். காலரா. என் கொழுந்தன் செங்கோடன். விமானக் குண்டு. என் மகள் பாவாயி. நாலு வயது. காலரா. மற்றவர்களோடு சேர்த்து எரித்தார்கள். எலும்பு கிடைக்கவில்லை.

எங்கள் தோட்டத்திலிருந்து லாரி ஏறியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். திரும்பியவர்கள் ஒன்பது.

ஜப்பானில் அந்த இரண்டு ஊர்களில் நாலு வயதுப் பிள்ளைகள் எத்தனை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.