இந்த வாரத்து வார்த்தை

— குடையை எடுங்க பிரிஜட், உக்காரணும்.

— வாங்க தங்கம் அக்கா, வாங்க. இந்த நாற்காலியைக் கேட்டு ரெண்டு பேரு வந்துட்டாங்க. ஆள் வருதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். மத்தியானத்துல கூட தேக்கா சந்தை டீக்கடையில இடமில்ல பாருங்க. காய்ச்சல் எப்படி?

— விட்டுருச்சு. போன வாரம்தான் இங்கிலீஷ் வகுப்புக்கு வர முடியாமப் போச்சு. டீச்சர் புள்ள என்னையத் தேடுச்சா?

— தேடாம? 'வேர் இஸ் ஆன்ட்டி தங்கம்'னு கேட்டுச்சே.

— தங்கம்னா சொல்லுச்சு? அந்தச் சீனப் புள்ளைக்கு என் பேரு என்னைக்கு ஒழுங்கா வாயில நொழஞ்சுச்சு? டாங்காம், டாங்காம்னுல்ல கூப்புடும்?

— அது... போன வாரம் சரியாத்தான் சொல்லுச்சு. டீ சொல்லட்டா?

— சீனி கம்மியா சொல்லுங்க. வீட்டுப்பாடம் என்ன?

— ஒரே ஒரு வார்த்தை. சேவ். அதுக்கு என்னென்ன அர்த்தம் இருக்குன்னு யோசிச்சுட்டு வரணுமாம்.

— இது எனக்கே தெரியுமே. போஸ்டாபீஸ் பேங்க்ல போட்டு வெக்கிறது.

— அது ஒண்ணு. தண்ணியில விழுந்தவனைக் காப்பாத்துனா, அதுவும் சேவ். எங்க ஆண்டவர் நம்மளை ரட்சிச்சாருன்னு சொல்றோம்ல, அதுக்கும் சேவ்தான்.

— பேங்குக்கும் சாமிக்கும் ஒரே வார்த்தையா? வெள்ளைக்காரன் சிக்கனக்காரன்தான் லா!

— குழாயைத் திறந்து போடாம மூடுனா, அதுவும் சேவ்.

— இருங்க, நானும் ஒண்ணு சொல்றேன். இப்பக் குடையைப் போட்டு எனக்கு இடம் பிடிச்சு வெச்சிருந்தீங்களே...

— அதுவும்தான் அக்கா! பரவாயில்லையே... சாப்பாடு எடுத்து மூடி வெக்கிறமே, அதுவும் அதேதான். நான் இன்னமும் ரெண்டு பேருக்குத்தான் சோறு வடிக்கிறேன்.

— யாருக்கு? உங்க மகன் லாசரஸுதான் சிங்கப்பூரை விட்டு ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல போய் உக்காந்துட்டானே.

— கை பழகிப் போச்சு. ராத்திரி மூடி வெக்கிறேன்... காலையில நானே தண்ணி ஊத்திச் சாப்பிடுறேன்.

— போன் பண்றானா?

— கிறிஸ்மஸுக்குப் பண்ணுனான். பாவம், அவனுக்கும் வேலை. தெம்பனிஸ்ல எங்க அடுக்குமாடியில எதிர் வீட்டுக் கதவு எந்நேரமும் சாத்தியேதான் கெடக்கு. நேத்து முழுக்க நான் பேசுனது ஒரே ஒரு பேச்சுத்தான் அக்கா. லிஃப்ட்டுல ஒரு சீனத் தாத்தா 'ஹாட் ஆ?'ன்னாரு. நானும் 'வெரி ஹாட்'னேன்.

— அதுவும் இங்கிலீஷ்தானே. பாஸாயிட்டீங்க, போங்க.

— சிரிக்காதீங்க அக்கா. கஷ்டமா இருக்கு.

— சிரிக்காம என்ன பண்ண? எங்க வீட்டுல ஆளுக்குக் குறைச்சலில்ல. மகன் வேலை முடிஞ்சு வந்தா டிவி. பேரப்புள்ளைங்க பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அதுங்களுக்குப் புரியல. அதுக்குத்தான இந்த வகுப்புலயே சேந்தேன். மருமக என்ன சொல்றா தெரியுமா? 'வகுப்பு இருந்தா போங்க அத்தே, சும்மா பஸ் ஏறி தேக்காவுக்கு எதுக்கு?'

— அப்படியா சொல்றா...

— வகுப்புன்னு சொன்னாத்தான் வாசலைத் தாண்ட முடியுது. சரி, மணி ஆகப் போகுது. எந்திரிங்க, போவோம்.

— டீ... டீயைக் குடிச்சுட்டு.

— குடிச்சாச்சே.

— வடை சூடாப் போடுறான் அக்கா. ஒண்ணு சொல்லட்டா?

— வகுப்பு முடிஞ்சு திம்போம். அந்தப் புள்ள லேட்டாப் போனா மூஞ்சியைச் சுளிக்கும்.

— இல்ல... இன்னைக்கு அதுவே லேட்டாத்தான் வருமாம்.

— யாருகிட்ட சொல்லுச்சு?

— என்கிட்டதான். வெயிலைப் பாருங்க, காய்ச்சல் விட்ட உடம்பு...

— ரோட்டைத் தாண்டுனா வகுப்பு நடக்குற சமூக நிலையம். இதுக்குப் போயி வெயிலா? பிரிஜட்... என்ன விஷயம்?

— அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— வகுப்பு இல்ல அக்கா. போன வாரத்தோட நிறுத்திட்டாங்க. ஆள் பத்தலையாம்.

— அப்ப வீட்டுப்பாடம்?

— நானாத்தான் சொன்னேன். பஸ்ல வர்றப்ப ஒரு வார்த்தையை யோசிச்சேன். வகுப்பு இல்லைன்னு சொல்லிட்டா நீங்க இந்தப் பக்கமே வர மாட்டீங்க. நீங்களும் வரலைன்னா... எனக்குப் பேச வேற யாரும் இல்ல அக்கா. பொய் சொன்னது தப்புத்தான். எழுந்து போயிடாதீங்க.

— இன்னொரு டீ சொல்லுங்க. வடையும்.

— கோவம் இல்லையா?

— கோவப்பட எனக்கு என்ன யோக்கியதை? போன வாரமே அந்தப் புள்ள எங்க வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிருச்சு. தெரிஞ்சுக்கிட்டேதான் உங்களை எந்திரிங்கன்னு வம்புக்கு இழுத்தேன். நல்ல வேளை, மருமக எடுக்குறதுக்குள்ள நான் எடுத்துட்டேன். இன்னைக்கும் அவகிட்ட வகுப்புக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்... அடுத்த வாரத்துக்கு ஒரு வார்த்தை யோசிங்க பிரிஜட், வீட்டுல கேட்டா நான் சொல்லணும்ல.