தகரக் கொட்டகையில் ஐம்பது நிமிடம்

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இன்ஸ்பெக்டர் சார். பாதத்தில் கொஞ்சம் ஈரம் கசியும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றியாக வேண்டும். ஊருக்கெல்லாம் மின்விசிறி விற்கிற எனக்கே இது போன வாரம் கால்நடை டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள்தான் மச்சான் தன் நாய் பஞ்சுவைக் கட்டிப்போடுவார். கரடி மாதிரி ரோமம் அதற்கு. போன வாரம் ஒரு மதியம் நான் போனபோது கோந்து மாதிரி எச்சில் வழியக் கிடந்தது. ஈறெல்லாம் சிவந்து, நிற்கக்கூட முடியவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஐஸ் தண்ணி ஊத்திடாதீங்க. சாதாரணத் தண்ணியில வயித்தையும் பாதத்தையும் நனைச்சு, காத்து படுற மாதிரி வைங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பொழைக்காது" என்றார் டாக்டர்.

மச்சானிடம் பதமாகத்தான் பேசினேன்.

"அது நாய், மாப்ளே. சோபாவுல உக்காந்து பேப்பரா படிக்கப் போகுது? தாங்கும்."

"நிழலாவது கட்டுங்க, மச்சான். ஃபேன் நான் தர்றேன்."

"எது, உன் கடையில விக்காம கெடக்குதே, அதுவா?"

அதுதான். ஆனாலும் ஓடுகிற ஃபேன்.

வாயால் சொல்லிப் புரியாத வாடிக்கையாளரை எங்கள் தொழிலில் சரக்குக்கு முன்னாலேயே உட்கார வைத்துவிடுவோம். பட்டால்தான் மனுஷன் வழிக்கு வருவான். நேற்றும் அதைத்தான் செய்தேன். பகல் ஒரு மணி. அக்கா வெளியே போயிருந்தாள். பஞ்சுவைக் கீழே ஹாலில் ஈரத் துணி விரித்துப் படுக்க வைத்துவிட்டு, "கொட்டகைத் தகரம் கழண்டிருக்கு, வந்து பாருங்க" என்று மச்சானை அழைத்தேன். குனிந்து உள்ளே போனார். தாழ்ப்பாளைப் போட்டேன். இரக்கம் இல்லாதவன் அல்ல நான்; பஞ்சுவின் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தேன்.

முதலில் வசவு. அவர் பெண் எடுத்த குடும்பம் என்பதையும் மறந்து எங்கள் பரம்பரையையே இழுத்தார். ஐந்தாவது நிமிடம், கொட்டகைக்கு மேல் பந்தல் போடுவதாகச் சொன்னார். "கட்டுப்படியாகாது, மச்சான்" என்றேன். ஏழாவது நிமிடம், பகலில் வீட்டுக்குள் விடுவதாகச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றேன். பத்தாவது நிமிடம் குரல் கம்மிவிட்டது. "நாயை நீயே கூட்டிட்டுப் போ, மாப்ளே. கதவைத் திற."

திறந்ததும் அவரை நிழலுக்கு இழுத்து, டாக்டர் சொன்னபடியே வயிற்றையும் பாதத்தையும் நனைத்து, அந்த விற்காத ஃபேனைப் போட்டேன். ஐஸ் தண்ணீர் ஊற்றவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஆஸ்பத்திரியில் கண் விழித்து என்னைத் திட்டினாராம். பஞ்சு என் கடையில் சௌக்கியமாக இருக்கிறது.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. பத்தாவது நிமிடமே நாயைக் கொடுத்துவிட்டவருக்குக் கதவு ஏன் ஐம்பதாவது நிமிடம் திறந்தது? கேட்டதை ஒருவர் கேட்டவுடன் கொடுத்துவிட்டால், இன்னும் கூடுதலாகக் கேட்டிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றிவிடும், சார். பழக்கதோஷம். வேறென்ன தருவார் என்று குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். பாதியில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

பேரத்துக்காகத்தான் பிகு பண்ணுகிறார் என்று நினைத்தேன்.